மாட்டுக் கொட்டகையில் ஒரு துபாய்

எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் பொறுமை கிடையாது. நல்லது நடந்த பிறகு சந்தோஷப்படுவது மற்ற ஊர்க்காரர்களின் வேலை. நடக்கப்போகிறது என்று காதில் விழுந்தாலே நாங்கள் பேனர் அடித்துவிடுவோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் போதும், யார் வாசலில் எத்தனை வாழை மரம் கட்டுவது என்று பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த அவசரக் குணத்தை நான் ஒரு காலத்தில் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் நர்சிங் முடித்துவிட்டு கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வடக்கனந்தல் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். சொந்தமாக நிலம் இல்லை. சொந்தம் என்றால் ஒரு அறை வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் ஒரு பசு மாடு. வெட்டு நாட்களில் அப்பா குனிந்தபடியே வீட்டுக்கு வருவார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆகும். கரும்புத் தோகை அறுத்து அறுத்து அவர் கை முழுக்கக் கோடு கோடாக இருக்கும். நான் நர்ஸ் ஆன பிறகும் அந்தக் கைக்கு மருந்து போட முடிந்ததே தவிர, அந்தக் கையிலிருந்து கத்தியை வாங்கி வைக்க முடியவில்லை. நர்சிங் ஹோம் சம்பளம் அப்படி.

துபாய்க்குப் போனால் முடியும். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைக்கிற லைசென்ஸ் பரீட்சையில் பாஸாக வேண்டும். சென்னையில் ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டிய பரீட்சை. கேள்விக்கு நாலு பதில் இருக்கும், சரியானதைத் தொட வேண்டும். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். முடிவு சில நாள் கழித்து மெயிலில் வரும்.

எழுதிவிட்டு வந்து கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னைக் கூட்டிப்போகச் சித்தப்பா வண்டியோடு நின்றிருந்தார். அப்பாவின் தம்பி. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறார். எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிட்டேன் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. என்னைப் பொறுத்தவரை எழுதுவது வேறு, தேறுவது வேறு. சித்தப்பாவுக்கு இரண்டும் ஒன்று. எழுதினவள் எப்படித் தேறாமல் போவாள் என்பது அவர் நியாயம்.

மறுநாளே பக்கத்தில் இருக்கிற கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறிவிட்டது. வெள்ளைச் சீருடையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நான். எனக்குப் பின்னால் வானத்தைக் குத்துகிற ஒரு கட்டடம். தலைக்கு மேல் ஒரு விமானம். விமானத்தைவிட என் தலை பெரியது. ‘துபாய் செல்லும் எங்கள் வீட்டுத் தங்கமே’ என்று மஞ்சள் எழுத்து. அடியில் ‘இவண்’ என்று போட்டு, அப்பாவோடு கரும்பு வெட்டுகிறவர்களின் முகங்கள் வரிசையாக, தபால் தலை அளவுக்கு. பாதிப் பேர் ஆதார் அட்டைப் படத்தையே கொடுத்திருந்தார்கள். அதனால் வாழ்த்துகிறவர்கள் எல்லாரும் பயந்துபோன மாதிரி இருந்தார்கள்.

நர்சிங் ஹோமும் சளைத்ததில்லை. போகப்போகிற பெண்தானே என்று என் இடத்துக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்தாயிற்று. எனக்குக் கேக் வெட்டி, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். பாசமாகத்தான் செய்தார்கள். நானும் கண் கலங்க வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மெயில் வந்தது. ஃபெயில்.

அன்றைக்கு எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். சித்தப்பா மேல் கோபம், பேனர் அடித்த கடைக்காரர் மேல் கோபம், அந்த விமானத்தின் மேல்கூடக் கோபம். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். யார் உங்களைக் கேட்டது, யார் உங்களைக் கேட்டது என்று வீடு முழுக்கக் கத்தினேன். ஒற்றை அறை வீட்டில் எவ்வளவு கத்த முடியும்? சீக்கிரமே முடிந்துவிட்டது. அப்பா வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அம்மாதான் தட்டை எடுத்துத் திரும்ப என் முன்னால் வைத்தாள்.

இன்னொரு முறை எழுதலாம். ஆனால் எனக்கு வேலை தருவதாகச் சொன்ன துபாய் ஆஸ்பத்திரி, அந்த ஒரு முறைக்கு மேல் காத்திருக்காது, பாஸானால் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். கையில் வேலையும் இல்லை. அந்த நேரத்தில் கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்தத்தில் நர்ஸ் எடுத்தார்கள். மலைக்குப் போக யாரும் போட்டி போடவில்லை. எனக்குக் கிடைத்தது. துபாய்க்கென்று பரிசாக வந்த சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அந்த பஸ் கச்சிராயபாளையம் வழியாகத்தான் போகும். பேனர் இன்னும் இறக்கப்படவில்லை. ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்ததால் சித்தப்பா ராப்பகலாக டிராக்டரில் இருந்தார், மற்றவர்களுக்கு அதைத் தொடத் தைரியமில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றதும் ஜன்னலுக்கு நேரே என் முகம். கண்டக்டர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நல்ல மனிதர், துபாய்க்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று கேட்கவில்லை. பெட்டிக்குத் தனி டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார்.

நான் ஏன் தேறவில்லை என்பது எனக்கு அப்போது புரியவே இல்லை. படிக்காமல் போகவில்லை. மருந்து அளவு, நோய்க்குறி எல்லாம் தலைகீழாகத் தெரியும். பரீட்சையில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வந்தன. நோயாளிக்கு இப்படி இப்படி ஆகிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? நாலு பதில்களில் ஒன்று, டாக்டருக்குத் தெரிவிப்பது. நான் பெரும்பாலும் அதைத்தான் தொட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் எங்கள் நர்சிங் ஹோமின் சட்டம். டாக்டர் வீடு மாடியிலேயே. மாடிப்படி ஓரம் ஒரு காலிங் பெல். நோயாளிக்கு லேசாக மூச்சு வாங்கினாலும் முதலில் பெல், அப்புறம்தான் மற்றதெல்லாம். டாக்டர் அடுத்த நிமிடம் செருப்பு கூடப் போடாமல் இறங்கி வந்துவிடுவார். அங்கே அது சரியான முறைதான். மூன்று வருஷம் அங்கே இருந்து, எனக்கு யோசனைக்கு முன்னால் கை பெல்லுக்குப் போகப் பழகிவிட்டது.

மலைமேல் பெல் இல்லை. டாக்டர் உண்டு, ஆனால் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் மீட்டிங், முகாம் என்று கீழே போயாக வேண்டும். போன் இருந்தது, டவர் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் மேட்டின்மேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏற வேண்டும். தொட்டிக்கு மேற்குப் பக்கம் நின்றால் இரண்டு கோடு வரும். அந்த இடத்தில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருத்தர் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அதனால் அந்த ஊரில் யாருக்கும் ரகசியம் கிடையாது.

அங்கே என்னை எல்லாரும் நீ, வா, போ என்றுதான் பேசினார்கள். கீழ்நாட்டில் சிஸ்டர், வாங்க, போங்க என்று கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் சுருக்கென்றது. மரியாதைக் குறைவில்லை, அங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரிப் பணியாளர் அக்கா சொன்ன பிறகு சமாதானமானேன். மலையிலேயே பிறந்தவர் அவர். கூட்டுவது, துடைப்பது, பிரசவத்துக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் அவர்தான்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தேன். தலைப்பிரசவம். டாக்டர் மாவட்ட மீட்டிங்குக்குக் கீழே போயிருந்தார். குழந்தை நல்லபடியாக வந்தது, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ஊசி போட்டாயிற்று. குழந்தையைத் துடைத்துச் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துணியைப் பார்த்தால், இருக்க வேண்டியதைவிட அதிகமாக நனைந்திருந்தது. மாற்றிய துணியும் நனைய ஆரம்பித்தது.

என் கை என்ன செய்தது தெரியுமா? போனை எடுத்தது. நான் வாசல்படி தாண்டி, தொட்டி இருக்கிற மேட்டைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அப்போது அந்தப் பெண் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்க போற நீ? இங்கியே இரு.”

கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. வெளுத்துப்போன முகத்தோடு, பயந்த குரலில் சொன்னாள். நான் திரும்பி வந்தேன். அவள் வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கி நிற்க வேண்டும். பிசைந்துவைத்த மாவாட்டம் தொளதொளவென்று இருந்தது. கையைக் குவித்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கும்போதே பார்த்தால் மூத்திரப்பை முட்டி நிற்கிறது. அது நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. குழாய் போட்டு அதை வடித்தேன். பிறகு திரும்பவும் தேய்த்தேன். அப்போதுதான் அக்காவைக் கூப்பிட்டு, போனைக் கொடுத்து, தொட்டிக்கு ஓடுங்கள், டாக்டரிடம் இன்னது இன்னது ஆகிறது என்று சொல்லுங்கள் என்றேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

கைக்கு அடியில் அது மெல்ல மெல்லத் தேங்காய் மாதிரிக் கெட்டியானது. ரத்தம் மட்டுப்பட்டது. அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. இதே கேள்வி. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு, கர்ப்பப்பை மென்மையாக இருக்கிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? தேய்த்துவிடுவது என்று ஒரு பதில் இருந்தது. நான் டாக்டருக்குத் தெரிவிப்பதைத் தொட்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியில் மட்டுமில்லை, பரீட்சை முழுக்க நான் மாடிப்படி ஓரம் நின்று பெல்லைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரிந்தது. கை தேய்த்துக்கொண்டே இருக்க, எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் பயந்துபோய், நான் செத்துவிடுவேனா என்று கேட்டாள். இல்லை, நீ நன்றாக இருக்கிறாய், நான்தான் இப்படி என்று சொன்னேன். அக்கா டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் சொன்ன மருந்தையும் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்து, கண்காணிப்புக்காக அவளைக் கீழே கூட்டிப்போனோம். சில நாளில் தாயும் பிள்ளையும் சுகமாக மலையேறினார்கள்.

அந்த வாரம் லீவில் வீட்டுக்கு வந்தபோது கச்சிராயபாளையத்தில் பேனர் இல்லை. அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போனால் தலைக்கு மேல் நான். ஓட்டை விழுந்த கூரையைப் பிரித்துவிட்டு, அந்தச் சட்டத்தின் மேல் பேனரை விரித்துக் கட்டியிருந்தார் அப்பா. எழுத்தும் படமும் உள்பக்கம், வெள்ளை முதுகு வெளிப்பக்கம். ஊரார் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மனசு கொஞ்சம் வலித்தது. அவர் செய்ததில் தப்பு இல்லை என்றும் தோன்றியது. அம்மா சாணி அள்ளிக்கொண்டே, “மாடுதான் டெய்லியும் துபாயப் பாத்துக்கினு அசபோட்டுக்கினு கீது. நீ எப்பப் போவப்போற?” என்றாள். ஃபெயிலானதற்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தேன்.

அதன்பின் லீவு நாளெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் படித்தேன். வீட்டுக்குள் டிவி, வெளியே பிள்ளைகள். கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மாடு, மேலே விமானம். கேள்வியைப் படிப்பேன். கண்ணை மூடி, நான் மலையில் இருக்கிறேன், டவர் இல்லை, கட்டிலில் இருக்கிறவள் என்னையே பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் பதிலைப் பார்ப்பேன். எல்லாவற்றையும் நானே செய்துவிடுவதும் தப்புதான். சில கேள்விகளுக்கு டாக்டரைக் கூப்பிடுவதே சரி. ஆனால் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதற்கும், பார்க்காமல் கூப்பிடுவதற்கும் இருக்கிற வித்தியாசம் இப்போது கையில் இருந்தது. மாடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவில் அதிகம் நர்சிங் படித்த மாடு அதுதான்.

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போவதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தும் சொன்னேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் பக்கத்தில் சித்தப்பா நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டிலும், ஒரு பையில் ஆரஞ்சும். பஸ் கிளம்புகிற வரைக்கும் வானத்தைப் பார்ப்பதும் டயரைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் ஜன்னல் பக்கம் வந்தார்.

“எய்திட்டு வா. ஆனா எய்திட்டன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத.”

அந்த மனிதர் மேலிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. சென்னை வரைக்கும் ஆரஞ்சு தின்றுகொண்டு போனேன்.

பரீட்சையில் எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் கேள்விக்கே பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. எங்க போற நீ என்று அவள் குரல் கேட்டது. இங்கேயே இருந்தேன்.

முடிவு வந்த அன்று மலையில் தடுப்பூசி நாள். அந்தப் பெண் குழந்தையோடும் ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடும் வந்திருந்தாள். குழந்தைக்கு ஊசி போட்டு, அது அழுது ஓய்ந்தபின், போனை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் ஏறினேன். வீட்டுக்குப் போகிற வழி அதுதான் என்று அவளும் கூடவே வந்தாள். இரண்டு கோடு வந்தது. மெயிலும் வந்தது. பாஸ்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால்தான் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதானே என்னைப் பிழைக்க வைத்தாய் என்றாள். நான் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் சொல்வேன். நீ அன்றைக்கு என்னைப் போகவிட்டிருந்தால் நான் இன்னும் மாடிப்படி ஓரத்திலேயே நின்றிருப்பேன். உனக்கு நான் பட்ட கடன் பெரிது. அந்தக் கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துத் தின்றோம், வெண்ணெயாய் வெந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் சித்தப்பா துள்ளினார். இந்த முறை மெயிலைத் தன் கண்ணால் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ஒருதரம் படிக்கவும் சொல்லி நிச்சயம் செய்துகொண்டு, புதுப் பேனருக்குக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். ஏணியைச் சாத்திக் கொட்டகை மேல் ஏறி, கட்டை அவிழ்த்து, பேனரை இறக்கினார். முற்றத்தில் விரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஓரங்களில் கொசுப்புகை படிந்து மங்கியிருந்தது, ஒரு மூலை கிழிந்திருந்தது. மற்றபடி மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, விமானம் நீலமாகவே இருந்தது, இவண் போட்ட அத்தனை முகமும் அதே பயத்தோடு அப்படியே இருந்தது.

நான் நம்ப முடியாமல் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“நெறம் போயிடக் கூடாதுன்னுதான் பாப்பா உள்பக்கமாப் போட்டு வச்சிக்கினு இருந்தன்.”

மறைத்துவைத்தார் என்று நான் நினைத்தேன். அவர் எடுத்துவைத்திருந்தார். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிக் கத்திய பிறகும், நான் தேறுவேனா என்று நானே சந்தேகப்பட்ட நாளெல்லாம், அவர் அதைத் திரும்பக் கட்டுவதற்காகவே வைத்திருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா, அழுவறத அப்பறம் அழு, அந்தப் பக்கத்துத் தண்ணிய வழிச்சி வுடு என்றாள். வழித்துவிட்டேன்.

சாயங்காலம் எல்லாருமாகக் கச்சிராயபாளையம் போய் அதே இடத்தில் கட்டினோம். டீக்கடையில் ஒருத்தர், இது பழைய பேனராச்சே என்றார். “பேனர் பழசு, பாஸு புதுசு” என்று சித்தப்பா பதில் சொல்லி அவருக்கும் ஒரு டீ சொன்னார். மலையிலிருந்து இறங்கிவந்த பஸ் நின்றது. அதே கண்டக்டர். பேனரைப் பார்த்தார், அடியில் நின்ற என்னைப் பார்த்தார். விசில் ஊதுவதற்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன்.

கட்டி முடித்து, தொங்கிய கயிற்றின் மிச்சத்தை அறுக்க அப்பா இடுப்பிலிருந்து கரும்பு வெட்டுக் கத்தியை எடுத்தார். அறுத்தார். துண்டால் துடைத்தார். வழக்கம்போல் இடுப்பில் செருகப்போனவர், கொஞ்சம் நின்று, என்னைப் பார்த்துக் கத்தியை நீட்டினார். அந்தக் கத்தியைக் கொடுங்கள் என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, அம்மாவிடம்தான் சொல்லியிருந்தேன். அம்மா சொல்லியிருப்பாள்.

“இந்தா. வூட்டுக்கு எடுத்துக்கினு போ.”

துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டேன். பிடி சூடாக இருந்தது. அம்மா இப்போது அந்தக் கத்தியில்தான் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குகிறாள்.